சென்னையா, பெங்களூரா, ஹைதராபாத்தா, கோவையா: தனியாகப் போகிறவர்களுக்கு

போன மாதம் அக்கா மகள் ஃபோன் செய்தாள். கையில் இரண்டு ஆஃபர் லெட்டர், ஒன்று சென்னை, ஒன்று பெங்களூர். "சித்தி, பெங்களூர்ல மாசம் பன்னிரண்டாயிரம் கூடத் தர்றாங்க, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள். யோசிக்க நிறைய இருக்கிறது என்று ஆரம்பித்தது, பேசி முடிக்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எனக்கு முப்பத்தைந்து வயது, சொந்த ஊர் கோவில்பட்டி. படிப்பு முடிந்து சென்னையில் நாலு வருடம், பெங்களூரில் ஐந்து வருடம், ஹைதராபாத்தில் ஒன்றரை வருடம், இப்போது மறுபடி சென்னை. எல்லா இடத்திலும் தனியாகத்தான் இருந்திருக்கிறேன். கோவையில் நான் இருந்ததில்லை, தம்பி ஆறு வருடமாக அங்கே இருக்கிறான், அவன் ரூமுக்குப் போய்வந்த வகையில் அந்த ஊரும் ஓரளவு பழக்கம்.

தனியாகப் போகிறவர்கள் பெரும்பாலும் சம்பளத்தையும் வாடகையையும் கழித்துப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அதை நான் தப்பென்று சொல்லமாட்டேன், ஆனால் அதற்கு முன்னால் பார்க்கவேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த வேலை போய்விட்டால் அதே ஊரில், அதே ரூமில் இருந்துகொண்டே அடுத்த வேலை கிடைக்குமா? குடும்பமாக இருப்பவர்கள் வீட்டில் இரண்டு சம்பளம் இருக்கலாம், ஒன்று நின்றாலும் இன்னொன்று வரும். நமக்கு ஒரே சம்பளம், அது நின்ற மாதமும் ஓனர் ஐந்தாம் தேதி வாடகை கேட்பார். அதனால் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் வேலையை விட இரண்டாவது வேலையைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் நான்கு ஊரும் நான்கு விதம். மென்பொருள் தயாரிப்பு, ஸ்டார்ட்அப், சிப் டிசைன், விண்வெளி, உயிரித் தொழில்நுட்பம் என்றால் பெங்களூருக்குப் பக்கத்தில்கூட மற்ற ஊர்கள் வராது. ஒரு கம்பெனியை விட்டு வெளியே வந்தால் அதே ரோட்டில் இன்னும் பத்துக் கம்பெனி அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும். சென்னையின் பலம் வேறு. ஹூண்டாய் தொண்ணூறுகளின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்ததிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமெல்லாம் வாகன உற்பத்தியும் அதற்கு உதிரி பாகம் செய்கிற தொழிற்சாலைகளுமாக நிறைந்துவிட்டது, இந்தப் பக்கம் ஸோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் மாதிரி இங்கேயே முளைத்த மென்பொருள் கம்பெனிகள், வங்கிகளின் பின்னணி அலுவலகங்கள், பெரிய ஆஸ்பத்திரிகள். ஒரு துறை படுத்தாலும் ஊர் முழுக்கப் படுக்காது. மெக்கானிக்கல் படித்தவர்கள், கணக்குத் தணிக்கை, நர்சிங், ஹெச்.ஆர். என்று பலவிதமான ஆட்களுக்கு இங்கே இடம் உண்டு. ஹைதராபாத்தில் மைக்ரோசாஃப்ட் 1998-லேயே கால் வைத்தது, பிறகு அமேசான், கூகுள் என்று பெரிய கம்பெனிகளின் பெரிய அலுவலகங்கள் வந்தன, இன்னொரு பக்கம் ஜீனோம் வேலி என்கிற உயிரித் தொழில்நுட்ப வட்டாரமும் மருந்து, தடுப்பூசித் தொழிலும். மருந்து ஆராய்ச்சி படித்த பிள்ளைகள் சென்னையில் தவம் கிடப்பதை விட அங்கே போவது நல்லது.

கோவை விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. தம்பி மோட்டார் டிசைன் வேலையில் இருக்கிறான், பம்பும் மோட்டாரும் ஜவுளி இயந்திரமும் அந்த ஊரின் ரத்தத்திலேயே இருப்பதால் அவனுக்கு ஒரு கதவு சாத்தினால் நாலு கதவு திறக்கும். அவனோடு ரூமில் இருந்த பையன் மென்பொருள் ஆள், டைடல் பார்க் பக்கம் ஆஃபீஸ். அவனுடைய பிராஜெக்ட்டை மூடியதும் அவன் பார்த்த வேலைக்கு ஊரில் இரண்டே இடம்தான் இருந்தது, இரண்டிலும் ஆள் எடுக்கவில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெங்களூர் ரயில் ஏறினான். சிறுவாணித் தண்ணீர், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, எங்கே போகவேண்டும் என்றாலும் அரை மணி நேரம் என்று கோவையைப் பிடிக்காதவர்கள் குறைவு. ஆனால் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கையில் எழுத்தில் வைத்திருப்பவர்களுக்கும், உற்பத்தித் துறை ஆட்களுக்கும்தான் அது முதல் ஊராக இருக்க முடியும். மற்றவர்கள் முப்பது வயதுக்கு மேல், கையில் அனுபவம் சேர்ந்த பிறகு அங்கே போகலாம்.

அடுத்தது வீடு. இதில்தான் தனி ஆளுக்கு உண்மையான அடி விழும்.

சென்னையில் நான் முதன்முதலில் வீடு தேடியபோது ஒரு ஓனர் அம்மா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே கேட்டார், "ஹஸ்பண்ட் எப்பம்மா வருவார்?" கல்யாணம் ஆகவில்லை என்றேன். "அப்ப அப்பா அம்மா கூட வந்து இருப்பாங்களா?" இல்லை என்றதும், வீட்டை ஏற்கெனவே ஒருத்தருக்குப் பேசியாச்சு என்றார். கூட வந்த புரோக்கர் படியிறங்கும்போது, அடுத்த வீட்டில் அம்மா வருவாங்கன்னு சொல்லிடுங்க என்று சொல்லிக்கொடுத்தார். நான் சொல்லவில்லை, அதனால் பதினோரு வீடு பார்க்க வேண்டியிருந்தது. பேச்சுலர் பையன்களுக்கு இன்னும் மோசம், ஃபேமிலிக்கு மட்டும் என்ற அட்டையும் சைவமா அசைவமா என்ற கேள்வியும் சென்னையில் இன்றும் குறையவில்லை. பெங்களூரில் பி.டி.எம்., ஹெச்.எஸ்.ஆர்., மாரத்தஹள்ளி பக்கமெல்லாம் குடியிருப்பவர்களில் பாதிப்பேர் வெளியூர் தனி ஆட்கள் என்பதால் இந்த விசாரணை குறைவு. ஹைதராபாத்தில் மாதாப்பூர், கொண்டாப்பூர் பக்கமும் அப்படித்தான்.

ஆனால் பெங்களூரில் அட்வான்ஸ் கழுத்தை நெரிக்கும். முன்பெல்லாம் பத்து மாதம் கேட்பார்கள், இப்போது பல இடங்களில் ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2017-ல் கொண்டுவந்து 2019 முதல் நடைமுறையில் இருக்கிற வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. பழைய பழக்கத்தில் அதிகம் கேட்கிற ஓனர்கள் சென்னையில் இன்னும் உண்டு, ஆனால் சட்டத்தைச் சொல்லிப் பேசவாவது நமக்கு வாய் இருக்கிறது. ஹைதராபாத்தில் நான் கொடுத்தது இரண்டு மாதம்தான். 18,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத்தில் 36,000, சென்னையில் 54,000, பெங்களூரில் ஆறு மாதக் கணக்கில் 1,08,000. முதல் வேலைக்குப் போகிற பிள்ளைக்கு இந்த வித்தியாசம் என்பது அப்பாவிடம் கடன் கேட்பதா வேண்டாமா என்கிற வித்தியாசம். அந்தப் பணம் திரும்பி வரும்தானே என்பீர்கள், முழுதாக வராது. பெங்களூரில் காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது ஊர் வழக்கம், எனக்கும் பிடித்தார்கள், நான் போகும்போதே சுவரில் இருந்த கறையைக் காட்டித்தான் பிடித்தார்கள். அதனால் எந்த ஊராக இருந்தாலும் சாவி வாங்குகிற அன்றே ஒவ்வொரு சுவரையும் குழாயையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் எங்கேயும் முன்பணம் கொடுக்காதீர்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு சென்னையே குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தது. 2024 மார்ச்சில் பெங்களூர் அதே நிலைமைக்கு வந்தது, காவிரிக் குழாய் வராமல் போர்வெல்லை மட்டுமே நம்பியிருந்த ஒயிட்ஃபீல்டு பக்கத்து அப்பார்ட்மெண்ட்களில் இருந்த என் சிநேகிதிகள் ஆஃபீஸில் போய்க் குளித்தார்கள். அந்த வருடக் கடைசியில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, நகரத்தோடு சேர்த்த 110 கிராமங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக ஆரம்பித்தார்கள், ஆனால் நீங்கள் பார்க்கிற கட்டடத்துக்கு இணைப்பு வந்துவிட்டதா என்பது ஓனரிடம் கேட்டால்தான் தெரியும். காவிரியா போர்வெல்லா, லாரி வந்தால் காசு யார் தருவது, இந்த இரண்டு கேள்வி போதும். சென்னையில் கூடுதலாக ஒரு கேள்வி: 2015-லும் 2023-லும் இந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது? ஓனரிடம் கேட்காதீர்கள், எதிர்க்கடையில் கேளுங்கள். 2015 டிசம்பரில் நான் வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்தேன். காலையில் கண் விழித்தபோது செருப்பு கட்டிலுக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தது. சான்றிதழ் ஃபைலை மட்டும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போனேன், நாலு நாள் அந்தக் குடும்பம்தான் சோறு போட்டது. அதன்பிறகு எந்த ஊரிலும் நான் தரைத்தளத்தில் வீடு எடுத்ததில்லை.

பயணத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் ஊர் முழுக்க எத்தனை கிலோமீட்டர் மெட்ரோ ஓடுகிறது என்ற கணக்கு உங்களுக்கு எதற்கு? உங்கள் ஆஃபீஸ் வாசல் எந்த ஸ்டேஷனுக்குப் பக்கம் என்பது மட்டும்தான் கணக்கு. பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு வரை பர்ப்பிள் லைன் 2023-லேயே முழுசாக ஓட ஆரம்பித்துவிட்டது, எலெக்ட்ரானிக் சிட்டிக்கு 2025 ஆகஸ்டில் மஞ்சள் லைன் வந்தது. என் காலத்தில் பி.டி.எம்.மிலிருந்து சில்க் போர்டு சிக்னலைத் தாண்டுவதற்குள் பஸ்ஸில் ஒரு தூக்கம் தூங்கி எழுந்துவிடலாம், இப்போது போகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஆஃபீஸ் அவுட்டர் ரிங் ரோட்டில், பெல்லந்தூர் மாரத்தஹள்ளி பக்கம் என்றால் அங்கே மெட்ரோ வேலை இன்னும் முடியவில்லை, நடந்து போகிற தூரத்தில் தங்குவதைத் தவிர வழியில்லை. சென்னையில் ஆஃபீஸ் கிண்டியிலோ தரமணியிலோ இருந்தால் புறநகர் ரயிலும் பறக்கும் ரயிலும் மெட்ரோவும் இருக்கிறது, சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டு தாம்பரம் பக்கம் குறைந்த வாடகையில் இருக்கலாம். சிறுசேரி, சோழிங்கநல்லூர் என்றால் ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில், வேலை முடியாத மெட்ரோ தூண்களுக்கு நடுவே கம்பெனி வண்டியையோ பஸ்ஸையோ நம்பி இருக்க வேண்டும். ஹைதராபாத்தில் மெட்ரோ ராயதுர்க்கத்தோடு நின்றுவிடுகிறது, ஃபைனான்ஷியல் டிஸ்ட்ரிக்ட் ஆட்கள் அங்கே இறங்கி ஆட்டோதான். கோவையில் மெட்ரோ கிடையாது, ஒரு டூவீலர் இருந்தால் ஊரே கைக்குள்.

டூவீலர் என்றதும் ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டு வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும், அந்த மாநில சாலை வரியையும் கட்ட வேண்டும், இங்கிருந்து என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று வாங்கிப் போக வேண்டும். பழைய ஸ்கூட்டி என்றால் அந்தச் செலவுக்கு வண்டியை ஊரிலேயே விற்றுவிட்டுப் போகலாம். தொழில் வரியைப் பற்றி அக்கா மகள் கேட்டாள், அது எங்கே போனாலும் ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது, அதை விட்டுவிடுங்கள்.

பெண்களுக்குத் தனியாகச் சில விஷயங்கள். தமிழ்நாட்டில் 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்கள் எல்லோருக்கும் இலவசம். கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் 2023-ல் இலவசப் பயணம் வந்தது, ஆனால் அந்த மாநில முகவரியோடு அடையாள அட்டை காட்ட வேண்டும், கோவில்பட்டி ஆதாரோடு போனால் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். தமிழ்நாடு அரசின் தோழி விடுதிகளில் இடம் இருக்கிறதா என்று சென்னைக்கு வருகிறவர்கள் முதலில் பாருங்கள். தனியார் ஹாஸ்டல் என்றால், பெண்கள் விடுதிகளை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2014-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது, உரிமம் இருக்கிறதா என்று வாய்விட்டே கேளுங்கள். தயங்கினால் அந்த இடம் வேண்டாம்.

இனி எனக்கு மிக முக்கியமானதைச் சொல்கிறேன். 2019 செப்டம்பரில் பெங்களூரில் எனக்கு டெங்கு வந்தது. அப்போது பி.ஜி.யில், அதாவது சாப்பாட்டோடு ரூம் வாடகைக்கு விடுகிற பேயிங் கெஸ்ட் விடுதியில், மூன்றாவது மாடி, இரண்டு பேர் ஷேரிங். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பாத்ரூம் போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தார்வாடிலிருந்து வந்திருந்த ரூம்மேட், அவளுக்கும் எனக்கும் பொதுவாக நாற்பது வார்த்தை இங்கிலீஷ்தான், என்னைத் தோளில் தாங்கிப் படியிறக்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். பிளேட்லெட் ஏறும் வரை ஐந்து நாள், சமையல் செய்கிற அக்கா காலையில் கஞ்சியை டிஃபன் பாக்ஸில் கட்டிக் கொடுத்துவிடுவார். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் தனியாக ஒரு பெட்ரூம் வீடு பார்த்து, அட்வான்ஸ் புரட்ட முடியாமல் விட்டிருந்தேன். அந்த வீட்டில் இருந்திருந்தால் காலை வரை பாத்ரூம் தரையில்தான் கிடந்திருப்பேன். காசு இருந்தாலும் புது ஊரில் முதல் ஆறு மாதம் தனி வீடு எடுக்காதீர்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது இதனால்தான். பி.ஜி. சாப்பாடு நன்றாக இருக்காது, பாத்ரூமுக்கு வரிசை நிற்கும், எல்லாம் உண்மை. ஆனால் உங்கள் கதவைத் தட்ட நாலு பேர் இருப்பார்கள்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் தமிழ் ஆட்களுக்குச் சென்னை எளிது, யாராவது ஒரு மாமாவோ காலேஜ் சீனியரோ ஊரில் இருப்பார். பெங்களூரில் எல்லோருமே வெளியூர் என்பதால் பழக்கம் சீக்கிரம் பிடிக்கும், தமிழிலேயே சமாளித்தும் விடலாம், அப்படிச் சமாளிக்காமல் முதல் மாதமே கன்னடம் பேசப் பழகுங்கள், வீட்டு ஓனரிலிருந்து ஆட்டோக்காரர் வரை முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள். ஹைதராபாத்தில் எனக்குப் பெரிய வீடு, நல்ல ரோடு, கையில் மிச்சம் எல்லாம் இருந்தது, தெலுங்கும் ஹிந்தியும் இல்லாததால் ஆஃபீஸைத் தாண்டி ஒருவரும் சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு பால்கனியில் நின்றுகொண்டு யாருக்கு ஃபோன் செய்யலாம் என்று யோசிப்பேன். ஹிந்தி தெரிந்தவர்களுக்கு அந்த ஊர் நிச்சயம் வேறு மாதிரி இருக்கும், ஏனென்றால் ஆட்கள் அன்பானவர்கள்.

ஊருக்குப் போய்வருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத்திலிருந்து நான் பெரும்பாலும் சென்னை வந்து மாறித்தான் கோவில்பட்டி போனேன், இரண்டு ராத்திரி ரயிலிலேயே போய்விடும், அதனால் பொங்கல் தீபாவளி தவிர வேறெதற்கும் போகவில்லை. அந்த வருடம்தான் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது, வீடியோ காலில் பார்த்தேன். பெங்களூரிலிருந்து எங்கள் பக்கத்துக்கு ராத்திரி ஏறினால் காலையில் இறக்கிவிடுகிற மைசூர் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் இருக்கிறது, ரிசர்வேஷன் இப்போது அறுபது நாள் முன்னால்தான் திறக்கிறது, திறந்த அன்றே போட்டால் உண்டு, இல்லாவிட்டால் பண்டிகை நேரத்தில் ஆம்னி பஸ் கேட்கிற காசில் அந்த மாதச் சேமிப்பு போகும்.

அக்கா மகள் வி.எல்.எஸ்.ஐ., அதாவது சிப் டிசைன் படித்தவள். எனக்கு அவள் சென்னையில், என் கண் முன்னால் இருக்க வேண்டும் என்று ஆசை, ஒளிக்கவில்லை, அவளிடமே சொன்னேன். ஆனால் இரண்டாவது வேலை எங்கே என்று அவளையே எழுதிப் பார்க்கச் சொன்னேன். அவள் செய்யப்போகிற வேலைக்குச் சென்னையில் ஆறு கம்பெனி எழுதினாள், பெங்களூருக்கு எழுதியபோது தாள் போதவில்லை. சரி, அப்படியென்றால் பெங்களூர்தான், பன்னிரண்டாயிரத்துக்காக இல்லை, என்றேன். அக்காவுக்குத்தான் ஒப்புக்கொள்ள இரண்டு நாள் ஆனது.

போன வாரம் நானும் அக்கா மகளும் போய் பி.ஜி. பார்த்துவிட்டு வந்தோம், ஒயிட்ஃபீல்டு லைனில், ஆஃபீஸிலிருந்து இரண்டு ஸ்டேஷன். மூன்றாவதாகப் பார்த்த இடத்தில் நான் வாயைத் திறப்பதற்கு முன் அவளே ஓனரிடம் கேட்டாள், காவிரி நீரா, போர்வெல்லா என்று, அரைகுறைக் கன்னடத்தில். அவர் சிரித்துக்கொண்டே மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு டேங்கையும் திறந்து காட்டினார்.